‘இல்லை’ என்று எழுதச் சொன்ன இடம்

செப். 5, 1957. வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் காஜா பேராங் சடக்கின் இருபுறமும் நனைந்து தொங்குகின்றன. ஊசியைக் கொதிக்க வைத்து, இன்சுலின் போட்டு, பசியாறியாயிற்று. எதிலும் மனம் ஒட்டவில்லை.

சரவாக்கில் ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் இருந்தால்தான் பள்ளி கப்பல் டிக்கெட் தரும். இனிப்பு நீர்க்காரிக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்?

அம்மா: “கடல் தாண்டிப் போயி விழுந்து கெடந்தா யாரு பாப்பா? இங்கயே இரு.”

பஞ்சு, ஸ்பிரிட் வாங்க வேண்டும். குடைக்கம்பி உடைந்துவிட்டது.

செப். 6, வெள்ளி

தொழுகை முடிந்து இன்சூரன்ஸ் ஏஜண்ட் காதர் பாய் வந்தார். தெங்கேராக்காரர், மாணி அண்ணனின் சிநேகிதர். விண்ணப்பத்தில் ‘ஏதேனும் தீராத நோய் உண்டா’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இல்லன்னு போடு தங்கச்சி. உண்டுன்னு போட்டா கம்பெனி எடுக்காதுலா.”

“திங்கக்கிழம டாக்டர் மூத்திரம் சோதிப்பாரே?”

மாணி அண்ணன்: “ஏன், என்னோடத கொண்டு போ!”

நாங்கள் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொல்லியிருக்கிறான். அம்மாவும் தலையாட்டினாள். இந்த வியாதி வெளியே தெரியக்கூடாது அவளுக்கு. பக்கத்து வீட்டு மங்களம் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

அந்த இடத்தை நிரப்பவில்லை.

செப். 9, திங்கள்

அண்ணன் கொடுத்த புட்டி கைப்பையில். கம்பெனி டாக்டரின் வராந்தாவில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

போன வருஷம் வகுப்பில் மயங்கி விழுந்தது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மேரி டீச்சருக்கு விஷயம் தெரியும். சீனித் தண்ணீர் புகட்டினாள், பிழைத்தேன். சரவாக்கில் யாருக்கும் தெரியாவிட்டால்?

புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். என்னுடையதை நீல மருந்தில் காய்ச்சினார். செங்கல் நிறம். சர்க்கரை அதிகம்.

“தைரியந்தான். ஆனா கம்பெனி சம்மதிக்காதும்மா.”

வீட்டில் சொன்னதும் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா மட்டும், “சரி, சாப்பிடு.”

செப். 12, வியாழன்

மறுத்துவிட்டார்கள். காதர் பாய்க்கு என்னைவிட வருத்தம். “நான் சொன்னேன்லா!”

அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினேன். ஒன்றுமில்லாததற்கு அம்மாவோடு சண்டை. மத்தியானம் தபாலாபீஸ் போய், சரவாக் தலைமையாசிரியைக்கு நானே தந்தி கொடுத்தேன். வியாதி இன்னது, ஊசி நானே போட்டுக்கொள்வேன், கம்பெனி மறுத்தது. எல்லாம்.

செப். 14, சனி

பதில் இல்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் எழுந்துவிடுகிறேன். ஐஸ்காரன். மறுபடியும் ஐஸ்காரன்.

செப். 17, செவ்வாய்

காதர் பாய் ஓட்டமாக வந்தார். வேறொரு கம்பெனி பிடித்திருக்கிறார். மலேரியா, பாம்புக்கடி, படியில் விழுவது, எல்லாவற்றுக்கும் தருவார்கள். இனிப்பு நீருக்கு மட்டும் கிடையாது! கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

செப். 19, வியாழன்

தந்தி வந்தது. வரலாம். ஒரு தவணை, மூன்று மாதம், பார்ப்பார்கள், பிறகு முடிவு. ஊசி போடத் தெரிந்த நர்ஸ் பள்ளியிலேயே இருக்கிறாராம்.

ஒரு தவணை. அது போதுமா, தெரியவில்லை. அம்மா தந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எழுந்து துணி காயப்போடப் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மங்களம் அக்கா: “என்னக்கா, ராஜம் பயணம் போறாளாமே?”

“ஆமா. சரவாக்குக்கு, டீச்சர் வேலைக்கு.” ஈரச் சேலையை உதறும் சத்தம். பிறகு அம்மாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி: “அவளுக்கு இனிப்பு நீரு இருக்கு, மங்களம். தெனம் ஊசி. தானே போட்டுக்குவா.”

அடுப்பில் சோறு பொங்கி வழிந்துவிட்டது. நான் அசையவில்லை.