முதலில் ரிமோட்

மவுண்ட் கேம்பியர்
திங்கட்கிழமை

அன்பு மகள் மெரிடித்துக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அந்த அபர்டீன் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்றேனே, அது பொய்.

போன வருஷம் அவர் பிரித்த ரிமோட் கார் இன்னும் சாப்பாட்டு மேஜையில்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவர், இப்போது எந்தத் திருகு எங்கே போகும் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கச் சகிக்காமல், பெட்டியைத் திறந்ததும் ஓடுகிற ரெடிமேட் கார் ஒன்று வாங்கலாம் என்று நான்தான் கடைக்கு இழுத்துப் போனேன். அதெல்லாம் ஒரு காரா, கடையில வாங்கிச் சூடு பண்ணித் திங்கிற கறி பஃப்ஸ் மாதிரி என்று ஊரையே கேலி செய்த மனுஷன், அன்றைக்கு நல்ல பிள்ளையாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் கார் பொறுக்கியதில் குறை சொல்ல முடியாது. நான் பளபளவென்று ஒன்றைக் காட்டினேன். "அடி நொரீன், பெயின்ட்டையா ஓட்டப் போறேன்? முன்பக்கம் உடைஞ்சா மாத்துறதுக்கு இதோட பார்ட்ஸ் இந்தச் சுவத்துல ஒண்ணாவது தொங்குதா பாரு" என்றார். உதிரி பாகம் நிறையத் தொங்கிய மாடலாகப் பார்த்து, அழுக்குப் பச்சையில் ஒன்றை எடுத்தார். பேட்டரியும் சார்ஜரும் உள்ளேயே இருக்கா என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டார். நல்ல கேள்விதான், அதையே நாலு தடவை கேட்டார்.

நேற்று ரிமோட் கார் கிளப் மைதானத்தில் நன்றாகவே ஓட்டினார். முடிந்ததும் காரை அணைக்காமல் ரிமோட்டை அணைத்துவிட்டார். சிக்னல் போன கார் தறிகெட்டு ஓடி, அவர் சிநேகிதர் டெஸ்ஸின் காலில் இடித்து, வேலியில் மோதி நின்றது. ஆரம்பிக்கும்போது முதலில் ரிமோட், அப்புறம் கார், நிறுத்தும்போது முதலில் கார் என்று உனக்கு ஆறு வயதில் மூச்சுக்கு மூச்சு சொன்னவர். இந்தத் தப்பைச் செய்தவர் எல்லோருக்கும் சாசேஜ் வாங்கித் தர வேண்டும் என்பது கிளப் வழக்கம், ஒருவரையும் தப்பவிடாமல் பிடித்ததும் இவர்தான். நேற்று யாரும் கேட்கவில்லை. டெஸ்கூடக் காலைத் தடவிக்கொண்டு, "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, இல்ல க்ளைவ்?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எங்கோ பார்த்தார். பாவிகள், வாய்விட்டுக் கேலி செய்திருக்கலாம். அவர்கள் காட்டிய இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அவளத் திட்டாதீங்கப்பா, எம்பொண்ணு சின்னப்புள்ள, தெரியாம அமுக்கிட்டா. அவளுக்காக நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லி எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் காகிதத்தில் சுற்றி, மெரிடித்துக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். அது ஃப்ரிட்ஜில் இருக்கிறது, தூக்கிப் போட எனக்கு மனசில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். அதுவரை தள்ளிப் போடாதே, கண்ணு. வாசலில் உன்னைப் பார்த்து யாரென்று கேட்டாலும் கேட்பார், அழுதுவிடாதே. அந்தப் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில். முதலில் எதை அமுக்க வேண்டும் என்று தெரியாதவள் மாதிரிக் கேள். மறக்காமல் கேள்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
நொரீன்