சாவுக்கு எத்தனை நாள் லீவு

திண்டுக்கல்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் மரியசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கைப்பழக்கத்தில் எழுத வந்தது, எல்லோரும் என்று சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள், நான்தான் இருக்கிறேன், நான் சுகம். போனில் பேசினால் ம், ம் என்று கேட்டுவிட்டு டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். நத்தத்துப் பெண் பாத்திமா உன் ஆஸ்பத்திரிக்கே நர்சு வேலைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கூடவே கொஞ்சம் புளியும் பருப்புப் பொடியும் இருக்கிறது. பொடி நான் இடித்தது, உன் அம்மா கைப்பக்குவம் இருக்காது, பொறுத்துக்கொள்.

இங்கே நல்ல மழை. அமலராணி அத்தைக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை, ஆனாலும் வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. வாரம் இரண்டு நாள் சமுதாயக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுப்பதை நான் விடவில்லை, மில் வாசலில் கத்திப் பழகிய தொண்டை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் எனக்கு யூனியன் சார் என்று பேர் வைத்திருக்கிறார்கள். தையல், ஏசி மெக்கானிக், நோயாளி பராமரிப்பு என்று ஆளுக்கொரு தொழில் படிக்க வந்தவர்கள், தொழிலாளர் வரலாறு என்றதும் கொட்டாவி விடுவார்கள். எட்டு மணி நேர வேலை யாருக்கு உரியது என்று பரீட்சையில் கேட்டதற்கு ஒருத்தன் கவர்மெண்டு ஆபீசருக்கு என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டு மார்க் போட்டேன், அவன் பார்த்த உலகத்தில் அதுதானே சரியான பதில்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். விடுப்பு பற்றிய பாடம். லீவு என்பது முதலாளி பார்த்துப் போடுகிற பிச்சை இல்லை, கேட்டு வாங்கியது என்று வழக்கம்போல முழங்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் கௌசல்யா என்று ஒரு பெண், குஜிலியம்பாறைப் பக்கம், ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்த்துவிட்டு இப்போது நோயாளி பராமரிப்பு படிக்கிறாள். வாயே திறக்காதவள் அன்று எழுந்து, சார், சாவுக்கு எம்புட்டு நாள் லீவுன்னு சட்டத்துல போட்டிருக்கு என்று கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் மில்லில் இருந்தபோது அவளுடைய அப்பா இறந்துபோயிருக்கிறார். சேதி காலையிலேயே வந்துவிட்டது, மிஷினை விட்டுப் போய்விடுவாள் என்று ஷிப்டு முடிந்த பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு சார், வாய்க்கரிசி கூடப் போடல என்றாள்.

புத்தகம் பார்க்காமல் பாடம் எடுக்கிறவன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு, உனக்குத் தெரியும். அன்று பார்த்துச் சொல்கிறேனம்மா என்று வந்துவிட்டேன். பண்டிகைக்கு இருக்கிறது, பிரசவத்துக்கு இருக்கிறது, மிஷினில் கை போனால் அதற்கு இருக்கிறது, பெற்றவர் செத்தால் லீவு என்று நான் தேடிய வரையில் நம் ஊர்ச் சட்டத்தில் எதிலும் இல்லை. இத்தனை வருஷம் யூனியனில் இருந்த எனக்கே அது உறைக்கவில்லை. அடுத்த வகுப்பில் இல்லை என்பதைச் சொன்னேன். அப்ப அதையும் கேட்டுத்தான வாங்கணும் சார், எட்டு மணி நேரத்த வாங்குன மாதிரி என்றாள் கௌசல்யா. எனக்கு அழுகை வந்துவிட்டது, போர்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நான் பார்த்தது அவளை இல்லையம்மா, உன்னை.

பங்குனியில் உன் அம்மா போன அன்று ஆள் இல்லை, விட முடியாது என்று உன்னை அவர்கள் அனுப்பவில்லை. அடக்கத்தை நீ பார்க்க ஞானராஜ் மச்சான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், பெட்டியைக் குழியில் இறக்கும்போது நீ திரையில் இல்லை. வார்டில் பெல் அடிச்சுட்டாங்கப்பா, யாருக்கோ மூச்சுத் திணறல், ஓடிட்டேன் என்று மறுநாள் நீ சொன்னாய். அதிலிருந்து நீ நீயாகவே இல்லை. லீவு சேர்ந்திருக்கிறதே, கல்லறைத் திருநாளுக்கு வா என்றால், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, வந்து என்னத்தப் பாக்கப் போறேன் என்கிறாய். எனக்குத் துக்கம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, அதில் ஒரு துளி கூட உன் மேல் வருத்தம் இல்லை. ஊரான் வீட்டு அம்மாவுக்கு மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. தப்பு உன்னுடையது இல்லை. கேட்டு வாங்காமல் விட்டது எங்களைப் போன்றவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா கல்லறையை நான் இன்னும் கட்டவில்லை. பக்கத்துக் கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், நம்முடையது வெறும் மண்மேடாகக் கிடக்கிறது. கட்டுன பொண்டாட்டிக்குச் சிமெண்டு பூசக் கூட உனக்கு மனசு வரலையா, கஞ்சப்பயலே என்று அத்தை பங்குச் சாமியார் முன்னாலேயே கேட்டாள். மழைக்கு மண் இறங்குகிறது, பூசை முடிந்ததும் போய் அள்ளிப் போட்டு மேடாக்கிவிட்டு வருகிறேன். தலைமாட்டில் மட்டும் ஒரு கையகலத்துக்குக் குழியாகவே விட்டுவைத்திருக்கிறேன். அன்று எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், அது உன்னுடைய பிடி.

சகாய மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, பாத்திமா ஊருக்குப் புதிது, கூட இருந்து பார்த்துக்கொள். லீவு கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்காதே. இந்தத் திருநாளுக்கு முடியாவிட்டால் முடிகிறபோது வா. அதுவரை அந்தக் குழியை யாரையும் மூட விடமாட்டேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அப்பா,
செபஸ்தியான்