டிரம்ஸ் நிறுத்திய சனிக்கிழமைகள்

11.10 சனி
காலையில் நல்ல வெயில். மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை. சனிக்கிழமைகளில் பாட்டுக்குக் கூடும் மண்டபத்தின் சாவி இந்தக் கிழமை என் முறை. ஆறு பேர் முறை வைத்துப் பார்க்கிறோம், வேலை முடிந்து வந்து.

வாங்க வேண்டியது: மைக் வயர் இரண்டு. தேயிலை. கூரை ஒழுக்குக்குத் தார்.

டிரம்ஸ் இல்லாத மூன்றாவது சனி. கிற்றார், கீபோர்ட், பாட்டு மட்டும். வந்தவர்கள் பத்தொன்பது பேர். சின்னவளுக்கு ஐந்து வயது, மூத்தவருக்கு எழுபத்திரண்டு. முன்பெல்லாம் நிற்க இடம் இருக்காது.

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணனுக்காகத்தான் நிறுத்தினோம். ஈரலில் புற்றுநோய். இனி ஏலாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய கட்டிலுக்கும் எங்கள் டிரம்ஸுக்கும் நடுவில் ஒரு மதில்தான். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. உண்மையில் நான் எடுத்தது. மற்றவர்கள் ஓம் என்றார்கள்.

டிரம்ஸ் அடிக்கும் றிஸ்வான் இன்றும் கிண்ணியாவிலிருந்து வந்தான். விடிய மீன் வியாபாரம், பின்னேரம் இது. கதிரை அடுக்கினான், கூட்டினான், போய்விட்டான்.
"வருத்தக்காரன் இருக்கிற வீடு, ரஞ்சியக்கா. நான் அடிக்க மாட்டன், பயப்பிடாதேங்கோ."
நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

16.10 வியாழன்
மழை. குடையை நான் வேலை செய்யும் தபாற்கந்தோரில் விட்டுவிட்டேன். நனைந்தபடியே அந்தோனி அண்ணனின் மனைவி ரோசலினக்காவிடம் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அந்தோனி அண்ணன் எலும்பும் தோலும். முப்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். இப்போது தண்ணீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

"ஏன் பிள்ளை, மண்டபத்தைப் பூட்டிப்போட்டீங்களோ?"
"இல்லையண்ணன், நடக்குது."
"அப்ப டிரம் சத்தத்தைக் காணேல்ல?"
"உங்களுக்குக் கரைச்சல் எண்டு நிப்பாட்டினனாங்கள்."
தலையை மெல்ல என் பக்கம் திருப்பினார்.
"ஆர் சொன்னது? எனக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிக் கிடக்கு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் சனிக்கிழமை எண்டு தெரியும்."

ரோசலினக்கா வாசல் படலை வரை வந்தா. "முந்தியே கேட்டவர், ரஞ்சி. உங்களிட்டச் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக் கிடந்தது."

மூன்று கிழமை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. 

றிஸ்வானுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.  "நாலு மணிக்கே வந்திடுவன்" என்றான்.

18.10 சனி
பகல் முழுதும் மழை. நாலு மணிக்கு விட்டது.

மதில் பக்கத்து ஜன்னல் மூன்றையும் திறந்தோம். ஒன்று துருப்பிடித்துப் போயிருந்தது. றிஸ்வான் சுத்தியலால் தட்டித் திறந்தான். டிரம்ஸை ஜன்னலடிக்கு இழுத்தோம். பிள்ளைகளுக்கு விசயம் சொன்னேன். ஐந்து வயதுக்காரி: "அந்த மாமா கை தட்டுவாரோ?"

ஒரு மணித்தியாலம் அடித்தான். சேட் முழுக்க வியர்வை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, ஒரு அசுமாத்தமும் இல்லை. ரோசலினக்கா வெளியே வரவில்லை.

19.10 ஞாயிறு
விடிய ஐந்து மணிக்கு அந்தோனி அண்ணன் போய்விட்டார்.

20.10 திங்கள்
அடக்கம் முடிந்தது. சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே முழுக்கச் சேறு. றிஸ்வான் வியாபாரத்துக்குப் போகாமல் வந்து கடைசி வரை நின்றான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு ரோசலினக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், சனிக்கிழமை அவருக்குக் கேட்டதோ என்று.
"ஓம் ரஞ்சி. வடிவாக் கேட்டவர். என்ர கையில விரலால தட்டினவர்."

குசினியில் கோப்பை கழுவும்போது அவவின் தங்கை, நான் கேட்காமலே: "வெள்ளிக்கிழமையே அத்தானுக்கு நினைவு தப்பினது, அக்கா. பிறகு ஒரு அசைவும் இல்லை."

இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். றிஸ்வானுக்கு ரோசலினக்கா சொன்னதை மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினான். மோட்டார் சைக்கிளில் ஏறி ஹெல்மெட்டைப் போட்டவன் வெகுநேரம் கிளம்பவில்லை.