சந்தனம் வைத்த மோடம்

இன்று காலை ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் இருந்த பழைய டெலிபோன் பெட்டியைக் கழற்றினார். மூடியைத் திறந்ததும், "இன்னா மேடம், ஒரே களிம்பா இருக்குது" என்றார். எட்டிப் பார்த்தேன். செம்புக் கம்பியின் இரண்டு முனையும் பச்சை பூத்திருந்தன. அவர் அதை வெட்டிக் கீழே போட்டார். நான் எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். உன்னைப் பற்றி நல்லதைத் தவிர வேறு பேச எனக்கு வழியே இல்லை, என் எரிச்சலே அதுதான். நேராகவே எழுதிவிடுகிறேன். நீ இருந்தவரை உன்னைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நீ போனால் அணைந்துவிடும் என்று நினைத்தேன். அணையவில்லை.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த முதலாளியின் உப்பு ஆபீசில் நாம் இரண்டே பெண்கள். நான் கீழ்புத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். பாண்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்ததால் எனக்குக் குஷன் வைத்த நாற்காலி. நீ பத்தாவதோடு நிறுத்திவிட்டு உன் அம்மாவுடன் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். லோடு சீட்டு எழுத உன்னைக் கூட்டி வந்தார்கள். வந்த மூன்றாம் மாதமே லாரிக்காரர்கள் என்னைத் தாண்டிப் போய் உன்னிடம் பேசினார்கள். நான் ஃபீஸ் கட்டிக் கற்ற டைப்பிங்கை நீ என் தோளுக்குப் பின்னால் நின்றே பிடித்துக்கொண்டாய். நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீ கருவாட்டுக் குழம்பைத் திறந்தால் முதலாளியே ஒரு கரண்டி கேட்டு வருவார்.

நீயும் ஒன்றும் சாது இல்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'டிப்ளமா' என்பாய், லாரிக்காரர்கள் எதிரிலேயே.

இரண்டாயிரத்து ஆறில், உப்பு வாரும் பருவம் தொடங்கியபோது, பிராட்பேண்ட் வந்தது. மோடம் மாட்ட வந்தவர் இரண்டு வழி இருக்கிறது என்றார். யுஎஸ்பி கம்பியில் கொடுத்தால் இந்த ஒரு கம்ப்யூட்டருக்குத்தான்; லேன் கார்டு போட்டு ஈதர்நெட் கேபிளில் கொடுத்தால் நாளைக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாளி கேபிளே போடச் சொன்னார். சுவர்ப் பெட்டியிலிருந்து வந்த லைனை ஒரு சின்ன டப்பா இரண்டாகப் பிரித்தது, ஒன்று போனுக்கு, ஒன்று மோடத்துக்கு. எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், லைன் பதில் சொல்கிறதா என்று பிங் அடித்துப் பார்ப்பது எப்படி என்று அவர் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். நீ எழுதவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கே முதலாளி இன்னொன்றும் சொன்னார். பாண்டியில் ஒரு விற்பனை ஆபீஸ் திறக்கப் போகிறார், மெயில் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருத்தி அங்கே போக வேண்டும், சம்பளமும் அதிகம். எங்கள் வீட்டில் வேலையை விடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. பாண்டி வேலை என்றால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்த அடுத்த நொடியே உன்னைத்தான் பார்த்தேன்.

இது என் சாமான் என்று காட்ட வேண்டுமே. வெள்ளிக்கிழமை பூஜைக்குத் துணியை நனைத்து மோடம், கேபிள், டப்பா எல்லாவற்றையும் துடைத்தேன். சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு துடை. பிறகு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். நம் ஆபீஸ் குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அது கம்பிக்கு ஆகாது என்பதுதான் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே செய்தேன்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை நெட் நின்றுபோனது. கல்கத்தாவிலிருந்து பெரிய ஆர்டர் மெயிலில் வர வேண்டிய நேரம். நான் நோட்டைப் பிரித்தேன். மோடத்துக்குப் பிங் அடித்தால் பதில் வந்தது, வெளியே அடித்தால் பதில் இல்லை, 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. லேன் கார்டைக் கழற்றி மாட்டினேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், கேபிளைத் திருப்பிச் செருகினேன். இரண்டு நாள். முதலாளி ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் என்னைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கொன்றது.

புதன்கிழமை நீ லோடு சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாய். "பாத்தியில தண்ணி வரலன்னா பாத்தியத் திட்டுவாங்களாடி? வாய்க்கால போய்ப் பாப்பாங்க" என்றாய். கம்ப்யூட்டரும் மோடமும் பேசிக்கொள்ளும் விளக்கு அசையாமல் எரிகிறது, லைன் விளக்குதானே மினுக்குகிறது, அப்புறம் ஏன் இந்தப் பக்கமே நோண்டுகிறாய் என்று கேட்டாய். நோட்டில் நான் எழுதி வைத்திருந்ததுதான் அது. போனை எடுத்து என் காதில் வைத்தாய். கரகரவென்று இரைச்சல். வெள்ளிக்கிழமையிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்றாய்.

சுவர்ப் பெட்டியைத் திறந்தாய். உள்ளே கம்பி முனையில் என் சந்தனம் காய்ந்து கெட்டியாகி, சுற்றிலும் பச்சைக் களிம்பு. எனக்கு முகம் செத்துவிட்டது. படித்தவள் கெடுத்ததைச் சீட்டு எழுதுகிறவள் கண்டுபிடித்தாள் என்று ஊரெல்லாம் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கால் சுரண்டினாய். பச்சை முனையை வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைப் பல்லால் உரித்து முறுக்கித் திருகாணியில் வைத்து இறுக்கினாய். லைன் விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு நின்று எரிந்தது. பிங் அடித்தது மட்டும் நான். நாலு வரி பதில் வந்தது.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்து, யார் சரி செய்தது என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். நீ உன் மேசைக்குத் திரும்பிச் சீட்டைப் பிரித்தாய். அவர் போன பிறகு தலை நிமிராமல், "டிப்ளமா, பாண்டிக்குப் போயி மோடத்துக்குப் பொட்டு வெக்காத" என்றாய். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நான் பாண்டிக்கு வந்தேன். வேலை நிலைத்தது, கல்யாணம் ஆனது, வீடும் கட்டினோம். நீ அங்கேயே இருந்தாய். மரக்காணம் ஆபீசுக்குப் போன் செய்கிறவர்கள் உன்னிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். என்னிடம் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க அங்கே வருவேன். நீ டீ வாங்கிக் கொடுப்பாய். அந்தப் புதன்கிழமையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திருடியவள் நான், தெரிந்தும் கேட்காதவள் நீ என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். திருடினாலும் ஜெயித்தது நான்தானே என்று ஒரு அற்பத் திருப்தி அதில் இருந்தது. மறைக்க மாட்டேன்.

உன் காரியத்தன்று முதலாளி பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். பக்கத்தில் என்னை உட்கார வைத்துப் பழைய கதை பேசினார். பேச்சுவாக்கில் அதையும் சொன்னார்.

"அன்னிக்கு நெட்ட சரி பண்ணது யாருன்னு எனக்குத் தெரியாதாம்மா? விரலெல்லாம் பச்சையா இருந்தது அவளுக்குத்தானே. அவளத்தான் பாண்டிக்கு அனுப்பலாம்னு இருந்தேன். கூப்ட்டுக் கேட்டேன், வேணாம்னுட்டா. 'டிப்ளமாவ அனுப்பிடுங்க, இங்க இருந்தா நாள் பூரா என்னையே பாத்துனு இருப்பா'ன்னா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். தண்ணீர் கரித்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. என் நாற்காலியிலிருந்து நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த வேலையை விட்டுக்கொடுத்தாயா, இல்லை தொல்லை விட்டது என்று என்னைத் தள்ளிவிட்டாயா? விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால் அழுவேன். தள்ளிவிட்டாய் என்று தெரிந்தால் வாய் வலிக்கத் திட்டுவேன். கேட்பதற்கு நீ இல்லை. இரண்டும் செய்யாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. நான் பொய் சொல்லிப் பிடித்த அந்த இடத்தை உனக்குக் கையில் வைத்துக் கொடுத்தார்கள். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதப் போய்விட்டாய். எனக்கு எதையுமே அப்படிச் சொல்லத் தெரிந்ததில்லை. இப்போது அதற்கும் சேர்த்து உன்னைப் பார்த்து வயிறு எரிகிறது.