இடது முட்டி

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னைத் திட்டுகிறேன். பெரிய பேரன் லிஃப்ட் மெக்கானிக் தேர்வில் தேறிவிட்டான். பதினெட்டுப் பேர் எழுதி நாலு பேர்தான் தேறினார்களாம். சின்னப் பேரன் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கேடா என்றால், "டீச்சர் வெச்சுக்கிட்டாங்க பாட்டி" என்கிறான். கைக்குழந்தை மூன்று எண்ணும்வரை தானாக நிற்கிறது. கொஞ்சம் வேகமாகத்தான் எண்ணினேன், ஆனாலும் நின்றது. இனி என் பேத்தி, நம் உருண்டை. ஜூடோவில் கறுப்புக்கு ஒரு படி முந்தின பழுப்புப் பட்டை வாங்கிவிட்டாள். அந்தப் பயிற்சிக் கூடத்தில் பதினாறு வயதில் இதை வாங்கிய பெண் வேறு யாரும் இல்லை. அவளுடைய மாஸ்டரே என்னிடம் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார், இருக்கட்டும்.

உன் பேத்தி குச்சியும் கராத்தேயில் பழுப்புக்கு வந்துவிட்டாளாம். சந்தோஷம். ஆனால் இரண்டு பழுப்பும் ஒன்றாகிவிடுமா? நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குத் தெரிந்தது துணிதான். துணியை வைத்தே சொல்கிறேன். ஜூடோ சட்டை கோணி மாதிரி கனம். துவைத்தால் காய இரண்டு நாள். கழுத்துப் பட்டியும் கையும்தான் முதலில் கிழியும், ஏனென்றால் எதிராளி பிடித்துத் தொங்குவது அங்கேதான். நீ அன்றைக்கு என்னிடம் அளவு குறைக்கக் கொடுத்த கராத்தே சட்டையோ கைக்குட்டை போல மெல்லிசு. அதை யாரும் பிடிப்பதே இல்லை போலிருக்கிறது. தையல் எல்லாம் புதுசாகவே இருந்தது!

மார்ச்சில் எல்லாப் பாணிக்காரர்களும் கலந்து மோதும் போட்டி வருகிறது. ஒருத்தி அகலத்திலும் ஒருத்தி உயரத்திலும் வளர்ந்தும், எடை என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். யாருடைய பழுப்பு கெட்டி என்று அங்கே தெரிந்துவிடும்.

இப்போது திட்டு. முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாய் என்பதற்காக, கூடப் பிறந்தவள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாயா?

உன் அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன். எழுது. உன் எழுத்து கோணலாக இருந்தாலும் குரலைவிட மெதுவாக இருக்கிறது.

சட்டை கிழியாததற்குக் காரணம் சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் குச்சி ஒரே குத்தை நாளைக்கு ஐந்நூறு தடவை காற்றில் குத்துகிறாள். "யாரைடி அடிக்கிற?" என்றேன். "யாரையும் இல்ல, இடுப்பு சரியாத் திரும்புதான்னு பாக்குறேன்" என்றாள். குத்துவது ஒரு கைதான். பலம் குதிகாலில் புறப்பட்டு இடுப்பு வழியாக வருகிறதாம். மற்றக் கை அதே நேரம் விலாவுக்குத் திரும்ப வேண்டுமாம். எதிரில் ஆள் நின்றால் குத்தை ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும். அடிக்கத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவது கஷ்டம் என்று அவளுடைய டீச்சர் சொல்கிறார். நீயும் நானும் அந்த வகுப்பில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டோம்.

ஒரு காரியம், அக்கா. இது உனக்கு மட்டும். குச்சிக்கு இடது முட்டியில் வலி. வலது காலைத் தூக்கி உதைக்கும்போது உடம்பு முழுக்க இடது முட்டியில்தானே நிற்கிறது. டாக்டர் போட்டிக்குப் போகலாம் என்றுவிட்டார், முட்டிக்கு மெத்தை மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளச் சொன்னார். மெத்தை வைப்பதற்கு விதியிலும் தடையில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் காலுக்கே வருவார்கள். கால்சட்டையை அனுப்பியிருக்கிறேன். உள்ளே பஞ்சு வைத்து, வெளியே தெரியாமல் தைத்துக் கொடு. உன் கைக்குத்தான் அது வரும். அவளுக்கும் அவள் டீச்சருக்கும் எனக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

கால்சட்டை பார்சலில் வருகிறது. பஞ்சை இரண்டு மெல்லிய துணிக்கு நடுவில் வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து, உள் துணியோடு மட்டும் சேர்த்திருக்கிறேன். வெளித் துணியில் ஊசி படவே இல்லை. தடவிப் பார்த்தால்தான் தெரியும். உருண்டை பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தைத்தேன். என் வாயிலிருந்து வராது, கவலைப்படாதே. தைக்கிறவள் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும், பேச எங்கே வழி?

எட்டு வருஷமாக உருண்டையின் ஜூடோ உடுப்பைத் துவைக்கிறேன், போன வாரம்தான் கூடத்துக்குள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் விழத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்! பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, விழும்போது கையால் தரையைப் பளாரென்று அறை, தலையைத் தூக்கி வை. ஒரு மாசம் இதே வேலைதான். அப்புறம்தான் இழுப்பதும் தள்ளுவதும். எதிராளி தள்ளினால் இவள் இழுக்கிறாள், இழுத்தால் கூடவே போய்த் தள்ளுகிறாள். உருண்டை இடதுகைக்காரி அல்லவா, அவளுடைய ஒரு வீச்சு இருக்கிறது. எதிராளியின் இடது பக்கமாக ஒட்டி நின்று, தன் இடது காலால் அவளுடைய இடது காலைப் பின்னாலிருந்து வாரிவிடுகிறாள். எல்லாரும் வலது பக்கத்தையே காத்துப் பழகினவர்கள், இவளிடம் சாய்ந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். கையை முறுக்கிப் பிடித்தால், மாட்டினவள் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பிடித்தவள் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தட்டினவள் முகத்தில் வெட்கமே இல்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறாள். உன் பக்கத்தில் அடிக்கிறவள் நிறுத்துகிறாள். எங்கள் பக்கத்தில் மாட்டினவள் நிறுத்தச் சொல்கிறாள். எது உசத்தி என்று நீ பத்தாவது படித்தவள், நீயே சொல்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

குச்சி ஜெயித்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இறுதி ஆட்டம் அக்கா தங்கை பேத்திகளுக்குள்ளேயே அமைந்தது பெரிய விஷயம். உருண்டைக்கு அன்றைக்கு ஏதோ கை வரவில்லை. தலைவலி என்று நினைக்கிறேன். உன் கால் வீக்கம் இறங்கியதா? நீ வராததே நல்லது, கூட்டம் அதிகம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

கால் தேவலை. பரிசு மேடையில் எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். குச்சி முதல் படியில், உருண்டை இரண்டாவது படியில். உருண்டை காமிராவைப் பார்க்கவில்லை, கீழே எதையோ பார்க்கிறாள். எதை என்று கவனித்துப் பார்.

வீட்டுக்கு வந்ததும் குச்சி சொன்னது: "பாட்டி, அவ எப்பவும் இடது பக்கம்தான் வருவா. எத்தனை வீடியோ பாத்திருக்கேன், அதுக்குன்னே தனியாப் பயிற்சி எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கு ஒரு தடவைகூட வரல. ரெண்டு தடவை நான் தடுமாறி நின்னேன், அப்பக்கூட வரல. கையைப் பிடிச்சுட்டுச் சும்மா நின்னா."

ஏன் என்று உனக்குத் தெரியுமா, அக்கா?

தங்கை


மே 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை, அதனால் எந்தப் பிள்ளையின் சேதியையும் முதலில் எழுதவில்லை.

தெரியும். நான்தான் சொன்னேன்.

அன்று காலை குச்சி எங்களைத் தேடி உடுப்பு மாற்றும் அறைக்கே வந்தாள். உருண்டை வெளியே எடை பார்க்கப் போயிருந்தாள். "பெரிய பாட்டி, பாருங்க, தையல் தெரியவே இல்ல!" என்று காலை மடக்கி நீட்டிக் காட்டினாள். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நானும் நல்லா ஆடு கண்ணு என்று அனுப்பினேன். மனசார அனுப்பினேன், அது பொய்யில்லை.

அப்புறம் இரண்டு பேரும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். குச்சியின் உதையைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் தலைக்கவசத்துக்கு நூல் இடைவெளியில் கால் நின்றது. கூட்டமே எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாள், "இந்த உயரமான பொண்ணுதான் ஜெயிக்கும்" என்றாள். என் பேத்தி இருக்க இவள் யாரைச் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் உருண்டையின் கழுத்துப் பட்டி பிரிந்திருந்தது. உள்ளே போய்த் தைத்துக் கொடுத்தேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அவள் காதில் சொன்னேன்: "அவளுக்கு இடது முட்டி சரியில்ல. உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சதே நான்தான். உன் வீச்சும் இடதுதானே, அங்கயே போ."

என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது போல.

"ஏன் பாட்டி சொன்ன?"

"உன் நல்லதுக்குத்தான்டி."

"எனக்கு இருக்கிறதே அந்த ஒரு வீச்சு. சொல்லாம இருந்திருந்தா நான்பாட்டுக்குப் போட்டிருப்பேன். அவ தடுத்திருப்பா, இல்ல விழுந்திருப்பா, விழுந்தா எழுந்திருப்பா. இனி எப்படிப் போடுவேன்? அந்த முட்டி திரும்பிட்டா, நான் தெரிஞ்சே செஞ்சதா ஆயிடுமே!"

மணி அடித்துவிட்டார்கள். போய் நின்றாள். மூன்று சுற்றும் அவள் இடது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. அவளுடைய மாஸ்டர் "இடது, இடது!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் ஒன்றும் தெரியாமல்தான் கத்தினார். நான் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் உடுப்பை என்னிடம் துவைக்கப் போடுவதில்லை. தானே துவைத்துப் பிழிகிறாள், நாற்காலியில் போட்டுக் காய வைக்கிறாள். போன வாரம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்: "சின்னப் பாட்டிக்கு எழுதிட்டியா?"

நீ நம்பிக் கொடுத்ததை நான் வெளியில் விட்டேன். அதோடு என் பேத்தியின் கையிலிருந்த ஒரே நல்ல வீச்சையும் பிடுங்கிக்கொண்டேன், உன் பேத்தியின் ஜெயத்தையும் கெடுத்துவிட்டேன். இவ்வளவையும் ஒரு நூல் கடிக்கிற நேரத்தில் செய்தேன். நீ அனுப்பின படத்தைத் தையல் மிஷின் இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவள் பார்ப்பது குச்சியின் இடது முட்டியை என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

நான் தட்டிவிட்டேன், தங்கச்சி. இரண்டு தட்டு. இனி உன் இஷ்டம்.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

தட்டினால் உடனே விட வேண்டும் என்பது உங்கள் கூடத்துச் சட்டம். எங்கள் பக்கம் அப்படி இல்லை.

எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த முட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உருண்டையிடம் யார் சொன்னார்கள் என்று குச்சி கேட்டபோது, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். உன்னால் நான் அவளிடம் இரண்டு மாதம் பொய் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பதக்கத்தைக் கழற்றி, பழைய ஷூ அட்டைப்பெட்டியில் போட்டாள். "இது எனக்கு வந்தது இல்ல பாட்டி, அவ குடுத்தது" என்றாள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

முட்டிக்கு இப்போது ஒழுங்காக வைத்தியம் பார்க்கிறோம். ஆறு மாதத்தில் சரியாகும் என்கிறார்கள். சரியானதும் அவள் உங்கள் ஊருக்கு வருவாளாம். உருண்டையின் கூடத்திலேயே ஒரு வாரம் விழக் கற்றுக்கொண்டு, அப்புறம் உருண்டையோடு ஒரு ஆட்டம் ஆடுவாளாம். பரிசு கிடையாது, கூட்டம் கிடையாது. உருண்டை இடது பக்கம் வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இதை இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். நம்மைக் கேட்கவில்லை.

அவள் உன் வீட்டில்தான் தங்குவாள். சோறு போடு. வேறு எதுவும் சொல்லாதே. அதுவரை எனக்கு எழுதவும் வேண்டாம்.

தங்கை


டிசம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுத வேண்டாம் என்ற கெடு முடிந்ததா இல்லையா, தெரியாது. முடிந்ததாக நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பென்றால் இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

குச்சி வந்திறங்கிய அன்று "வந்துட்டேன் பாட்டி" என்று மட்டும் சொன்னாள். பெரிய பாட்டி என்று சொல்லவில்லை. நானும் வாம்மா என்றேன், அவ்வளவுதான். ஒரு வாரம் இரண்டு பேரும் காலையில் கூடத்துக்குப் போய்ப் பகலில் வருவார்கள். சாப்பிடும்போது அவர்களுக்குள் ஒரே சண்டை. "நீங்க ஒருத்தரை ஒருத்தர் தொடாமயே சண்டை போடுறீங்க, அது என்ன சண்டை?" என்பாள் இவள். "நீங்க கட்டிப் பிடிச்சுட்டு உருளுறீங்க, அது மட்டும் சண்டையா?" என்பாள் அவள். அப்புறம் சாப்பிட்ட கையோடு எழுந்து, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று இருவரும் பார்த்துக்கொள்வார்கள். ஐந்நூறு குத்தும் அந்த வீச்சும் கடைசியில் ஒரே இடுப்பிலிருந்துதான் வருகின்றன என்று கண்டுபிடித்துவிட்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி அடித்துச் சிரித்தார்கள். நான் சோறு போட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஆட்டம். நான் உள்ளே போகவில்லை, செருப்பு விடும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கே உள்ளே போக முகம் இல்லை. கதவு மூடியிருந்தது, சத்தம் மட்டும் கேட்டது. உதையின் சத்தம், மாஸ்டர் எண்ணுகிற சத்தம். பிறகு பெரிதாக ஒரு விழும் சத்தம், அதோடு சேர்ந்தே தரையில் கை அறையும் சத்தம், பளாரென்று. அப்படிக் கேட்டால் ஒழுங்காக விழுந்திருக்கிறாள் என்று அர்த்தம். உருண்டை இடது பக்கம் போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். அடுத்ததாகக் குச்சியின் சிரிப்பு கேட்டது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

யார் ஜெயித்தார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று காலை கொடியில் இரண்டு சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. நேற்று இரவே உருண்டை தன் உடுப்பை என் வாளியில் போட்டிருந்தாள். குச்சியின் சட்டை காய்ந்துவிட்டது, இவளுடையது நாளைக்குத்தான் காயும். கிளம்புவதற்கு முன்னால் குச்சி அந்தக் கால்சட்டையைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள்.

"உள்ள இருக்கிறதைப் பிரிச்சுடுங்க பெரிய பாட்டி. இனி வேண்டாம்."

பிரித்தேன். கட்டம் கட்டமாக அத்தனை சின்னத் தையல்! போடும்போது என்ன கர்வம் எனக்கு! ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கண் சரியாகத் தெரியவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நீ பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, உன் பேத்தி இந்தக் கடிதத்தோடு நான்கு மணி வண்டியில் அங்கே வந்துவிடுவாள். உருண்டையும் கூட வருகிறாள், நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய படத்தை என்னால் சுவரில் மாட்ட முடியாது. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, கால்சட்டையை மடித்துவிட்டு, நான்கு முட்டியும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா