விளக்கு வைக்காத வீடு

அன்புள்ள அக்கா,

எதிர் லயத்து வீட்டில் யாரோ பச்சைச் சீகை விறகை அடுப்பில் திணித்து ஊதிக்கொண்டிருக்கிறார்கள். புகை எங்கள் வாசல்வரை வந்து கண்ணைக் கரிக்கிறது. சற்று முன்புதான் ஜீப்பில் வந்து இறங்கிய வடக்கத்திக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இந்த மலையின் பனிக்காலத்தில் பச்சை விறகு லேசில் பற்றாது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை. புகை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு உங்களோடு பேச வேறு வழி தெரியாததால், வெந்நீர் அடுப்பில் கங்கு விழும்வரை எழுதுகிறேன்.

நாங்கள் வந்ததும் இப்படிப் பொழுது சாயும் நேரத்தில்தான். இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து லாரியில் மலையேறினோம். சோலூர்ப் பக்கம் அரசாங்கம் புதிதாகத் தேயிலை போட்டுக்கொண்டிருந்த காடு. லயத்து வரிசை வீடுகள் கட்டி முடியும்வரை எல்லாருக்கும் தகரக் கொட்டகைதான். "சீக்கிரம் எறங்குங்க, பனி புடிக்கறக்குள்ள நான் கீழ போகோணுமுங்க" என்று லாரிக்காரர் அவசரப்படுத்தினார். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. கைகால் சில்லிட்டு, உதடு நீலம் பாரித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. கிடைத்த விறகோ அன்றைக்குத்தான் வெட்டிய பச்சை.

என் வீட்டுக்காரர் பக்கத்துக் கொட்டகையில் போய் நெருப்புக் கேட்டார். ஹட்டன் பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஓர் அம்மா. நல்ல மனுஷிதான். "வெளக்கு வச்சாச்சே தம்பி. இனி நெருப்பு குடுத்தா வீட்டுக்கு ஆகாது. கோவிச்சுக்காதீங்க" என்றார். பிள்ளையை உள்ளே கொண்டுவரச் சொன்னார். அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், கால் வைக்க இடமில்லை. அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. விளக்கு வைத்த பிறகு நெருப்பும் உப்பும் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். விளக்கு எரிந்த கொட்டகைகளிலெல்லாம் கேட்டுவிட்டு இவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பிள்ளையை ரவிக்கைக்குள் அணைத்துக்கொண்டு, இவன் விடியும்வரை தாங்குவானா என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். கையில் வாய் உடைந்த மண்சட்டி. சாம்பலுக்கடியில் செக்கச்செவேலென்று கங்கு.

"எங்க வீட்ல இன்னும் வெளக்கு வைக்கல. புடி புள்ள."

எந்த ஊர், எந்தத் தோட்டம் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. நீங்களே குனிந்து அடுப்பு மூட்டினீர்கள். துணியை அனலில் காட்டிக் காட்டிப் பிள்ளைக்கு ஒத்தடம் கொடுத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அவன் வாய்விட்டு அழுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அழட்டும் விடு. என்னா தொண்ட! கங்காணி ஆகிருவான்" என்றீர்கள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அந்தப் பனிக்காலத்தை நான் கஷ்டகாலம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கொட்டகைக்குக் கொட்டகை வெறும் சாக்குத்தான் சுவர். முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மூன்றாம் வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். பேரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஹட்டன் அம்மா, மாத்தளை மாமா, நான் நுவரெலியாக்காரி. நீங்கள் மட்டும் எல்லாருக்கும் பதுளை அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, காய் என்று போட்டு வெளியில் ஒரே பானையில் பொங்குவோம். அதைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடிப்போம். "தேத்தண்ணி மட்டுந்தான்டி கடல் தாண்டியும் மாறல" என்று நீங்கள் சொல்வீர்கள். ஊட்டிச் சந்தையில் இத்தலார்ப் பக்கத்து முட்டைக்கோஸை மலிவாகப் பேசி வாங்கிவர உங்களை விட்டால் ஆளில்லை. அந்தக் கடைக்காரர் உங்களைக் கண்டாலே, "ஏனுங்க, இன்னிக்கு நான் கடைய சாத்தீர்றனுங்க" என்று கும்பிடுவார்.

ஒரு நாள் அந்தியில் குழாயடியிலிருந்து வரும்போது பார்த்தேன். வரிசை முழுக்க விளக்கு எரிந்தது, உங்கள் கொட்டகை மட்டும் இருட்டு. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாக நினைத்து என் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"எண்ணெ இருக்கு புள்ள. லாரி இன்னும் வரல."

"லாரிக்கும் வெளக்குக்கும் என்னா சம்பந்தம்?"

"நான் வச்சிட்டா, வர்றதுகளுக்கு யாரு நெருப்பு குடுப்பா?"

லாரி வரும் என்று தெரிந்த நாளெல்லாம் நீங்கள் அப்படித்தான் இருட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். வந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்த பிறகுதான் உங்கள் வீட்டில் விளக்கு. வழக்கத்தையும் மீறவில்லை, வந்தவர்களையும் கைவிடவில்லை. முதல் நாள் நீங்கள் சொன்னதைத் தற்செயல் என்று நினைத்திருந்தேன். எங்களுக்காகவும் நீங்கள் இருட்டில் காத்திருந்தீர்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

இன்னொரு காரணத்தைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள். உங்கள் மகளும் மருமகனும் பதுளையிலேயே நின்றுபோயிருந்தார்கள். அவர்களுக்கு இந்தியா வர இன்னும் கடுதாசி கிடைக்கவில்லை. என்றைக்காவது அவள் எங்காவது ஒரு மலையில் பொழுது சாய வந்து இறங்குவாள். "அங்கன ஒரு வீட்லயாச்சும் வெளக்கு வைக்காம இருக்கணுமே" என்றீர்கள். உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஊர் வாயை மூட முடியுமா? அந்தி நேரத்தில் வீட்டை இருட்டாகப் போட்டால் மூதேவி வந்து குந்திக்கொள்வாள் என்று குழாயடியில் பேச்சு கிளம்பியது. "மக வராம கெடக்கறதே அதனாலதான்" என்று ஒருத்தி உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். யார் என்ன சொன்னாலும் எதிர்வாயாடும் நீங்கள் அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனீர்கள். மறுநாள் பொழுது சாயும் முன்பே உங்கள் கொட்டகையில் விளக்கு எரிந்தது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயேது? மகள் வர வேண்டுமே என்றுதான் வைத்தீர்கள்.

அன்றைக்கென்று லாரி வந்தது. நனைந்துபோய் ஒரு குடும்பம், கூட ஒரு கர்ப்பிணிப் பெண். அவள் புருஷன் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வருவது சாக்குக்கு அப்பால் கேட்டது. நீங்கள் எரியும் விளக்குக்கு முன்னால் வாசலில் நின்றீர்கள், கையைப் பிசைந்துகொண்டு. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நான் சட்டியில் கங்கை அள்ளிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போனேன்.

"எங்க வீட்ல இன்னும் வைக்கலக்கா" என்றேன்.

உங்கள் விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் என் விளக்கை ஏற்றாமலே எடுத்து உள்ளே ஒதுக்கிவிட்டிருந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சட்டிய சாய்க்காம புடிடி, கையச் சுட்டுக்குவ" என்று அதட்டினீர்கள். அடுத்த லாரி நாளில் நம் இரண்டு கொட்டகையும் இருட்டாக இருந்தன. அதற்கடுத்த முறை ஹட்டன் அம்மாவின் கொட்டகையும். குழாயடிப் பேச்சு தானாக அடங்கியது.

உங்கள் மகள் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதற்குள் லயம் கட்டி எல்லாரும் குடிபோயிருந்தோம். இத்தனை அந்திகள் காத்திருந்தும், அவள் வந்து இறங்கியது உச்சி வெயிலில்! யார் வீட்டிலும் நெருப்புக்குத் தடையில்லாத நேரம். உங்கள் அடுப்பிலும் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அது தெரிந்தும் நான் சட்டி நிறையக் கங்கை அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். பின்னாலேயே ஹட்டன் அம்மா ஒரு சட்டி, மாத்தளை மாமா வீட்டிலிருந்து ஒரு சட்டி. வாசலில் வரிசையாக நெருப்பு. "ஏன்டி, வந்த புள்ளைய வேகவச்சுத் திங்கப் போறீங்களா?" என்று கத்தினீர்கள். கத்திக்கொண்டே மகளைக் கட்டிப்பிடித்தீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உங்கள் மகள் அந்த வாய் உடைந்த சட்டியை என் கையில் கொடுத்தாள். அதை நான் கேட்கவில்லை. எங்கள் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமையல் இப்போது கேஸில்தான். ஆனாலும் குளிக்க வெந்நீர் விறகில்தான் போடுகிறோம், அதனால் கங்குக்குக் குறையில்லை. விடியும்வரை தாங்குவானா என்று நான் பயந்த பிள்ளைதான் இப்போது எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். கங்காணி ஆகவில்லை அக்கா, தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. எதிர் லயத்துக் குடும்பத்தை ஊட்டியிலிருந்து ஏற்றி வந்தவனும் அவன்தான். "அம்மா, புள்ள குளிர்ல நடுங்குது" என்று வாசலிலிருந்தே கத்தினான்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்பதும் எனக்குத் தெரியாது. நான் சொல்வது அவளுக்குப் புரியவும் போவதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

மருமகள் திரியும் எண்ணெயுமாக வந்து நிற்கிறாள். "இருட்டிருச்சுங்க அத்தை, வெளக்கு வெச்சர்றனுங்களா?" என்கிறாள்.

கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், அக்கா. நம் வீட்டில் இன்னும் விளக்கு வைக்கவில்லை.