பாதி உருண்டைச் சிவப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பார்சலை மூலையில் வீசிவிடாதே. உள்ளே ஊசி இருக்கிறது, மெல்லப் பிரி.

இங்கே எல்லோரும் நலம். உன் சேதியை ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் போனில் சொன்னார்கள். ஐந்தாவது மாதமாமே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல விஷயத்துக்கு ஏன் இப்படி அழுகிறாய் என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதால் அவருக்கு எப்படிப் புரியும்?

அடுப்பைக்கூடத் துடைக்காமல் பரணில் ஏறி நூல் பெட்டியை இறக்கினேன். நீங்கள் தனிக்குடித்தனம் போன பிறகு இந்த மூன்று வருஷமாக அதைத் திறக்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தபோது நாம் இருவரும் ஆசை ஆசையாகச் சேர்த்த கம்பளி நூல். வேறு யாராவது என்றால் வீடு பிரியும்போது உருண்டைகளை எண்ணிப் பிரித்திருப்பார்கள். நாம்தான் பிடிவாதக்காரிகள் ஆயிற்றே, ஒவ்வொரு உருண்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்துச் சரிபாதியாக வெட்டினோம். தையல் கம்பெனியில் துணி வெட்டுவதே என் பிழைப்பு என்பதால் கத்தரி என் கையில். அண்ணனும் தம்பியுமான நம் வீட்டுக்காரர்கள் வாசற்படியில் நின்று சிரித்தது நினைவிருக்கிறதா? இப்போது என்னிடம் பதினேழு நிறம் இருக்கிறது, ஒன்றும் முழுசாக இல்லை.

உன் குட்டிக்குக் குல்லா பின்ன அந்தச் சிவப்பை எடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வாங்கினோமே, அது. எழுபத்திரண்டு கண்ணி போட்டேன். அவசரத்தில் முதல் வரிசை முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் ஒரு விரல் அகலம் பின்னித் தொலைத்து, மொத்தமும் பிரித்தேன். இரண்டாம் தடவை ஜோராக வந்தது. அளவு பார்க்கப் பால் செம்புக்கு மாட்டினேன். செம்பே அழகாக இருந்தது, போ!

கம்பெனியில் டீ நேரத்திலும் கையில் அதுதான். சூப்பர்வைசர் யாருக்கு என்று கேட்டார். தங்கச்சி குழந்தைக்கு என்றேன். ஓரகத்தி என்று சொல்ல வாய் வரவில்லை.

திட்டமும் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சளில் காலுறை. பச்சையும் சாம்பலும் கலந்து கை வைத்த சட்டை, அதில் முயல் பொத்தான், அதை நேற்றே வாங்கிவிட்டேன். எஞ்சிய நிறமெல்லாம் சேர்த்துக் கட்டம் கட்டமாக ஒரு போர்வை. ஆனால் என் பாதியை மட்டும் வைத்துப் பின்னினால் அது கைக்குட்டை அளவுக்குத்தான் வரும்.

குல்லாவுக்கும் அதே கதைதான். உச்சி மூட ஏழு வரிசை இருக்கும்போது சிவப்பு தீர்ந்துவிட்டது. மூன்று கடை ஏறி இறங்கினேன், அந்தச் சாயம் கிடைக்கவில்லை. மஞ்சளில் முடித்துவிடு என்றார் வீட்டுக்காரர். மனசு கேட்கவில்லை. மீதிச் சிவப்பு உன்னிடம் இருக்கிறது.

சின்னவளே, போனில் என்றால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தச் சிவப்பை வெட்டும்போதுதானே கேட்டேன், உனக்கு எதற்கு இத்தனை நூல், யாருக்குப் பின்னப் போகிறாய் என்று. உன் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

குல்லாவை ஊசியோடு அப்படியே அனுப்புகிறேன். கண்ணிகள் நழுவாமல் இருக்க ஊசி முனைகளில் ரப்பர் துண்டு செருகியிருக்கிறேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் உன் சிவப்பை எடுத்து நீயே உச்சியை மூடிவிடு, நான் குறையாக நினைக்க மாட்டேன். வரலாம் என்று தோன்றினால் ஒரு வரி எழுது. லீவு சொல்லிவிட்டேன், பையும் கட்டியாயிற்று. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஏழு வரிசையையும் நானே போட்டுத் தருகிறேன்.

எதுவானாலும் சரி, பின்னியதை மட்டும் பிரித்துவிடாதே. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா